அப்பாவின் நீளத் தலைக்கு ஏற்றபடி ஒரு தொப்பியைத் திருத்திய கதை

அப்பா தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். புருவத்துக்கு இரண்டு விரல்கடை மேலே, நகத்தால் கீறியது போல. பின்மண்டையிலும் அதே மாதிரி ஒன்று. ஆனால் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் தொப்பிக்கும் தலைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வரும். முன்னும் பின்னும் இறுக்கம், பக்கத்தில் தொளதொளப்பு. அரை மணி நேரம் போட்டிருந்தால் தலைவலி வந்துவிடும் அவருக்கு.

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. கடைசி நாளன்று துரை (எஸ்டேட் மேனேஜரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கொடுத்த தொப்பி அது. சாம்பல் நிற ஃபெல்ட், கறுப்பு ரிப்பன், உள்ளே பழுப்புத் தோல் பட்டை. இங்கே ஜனவரியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரிலும் அவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டுதான் பால் வாங்கப் போவார். தொப்பி பீரோவுக்கு மேலேயே இருந்தது. கேட்டால், "தொப்பி நல்ல தொப்பிதான் பாப்பா, என் மண்டைதான் கோணல்" என்பார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியவர்கள், கூன் விழுந்தவர்கள், ஒரு கை மெலிந்தவர்கள் எல்லோரும் என் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் உடம்பு தப்பு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. துணியைத்தான் மாற்றி வெட்டுவேன். தலைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

முதல் முயற்சியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு உதவும். இறுக்குகிறது என்றால் பெரிதாக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். குக்கரில் தண்ணீர் வைத்து, வெயிட்டை எடுத்துவிட்டு, அந்த மூக்கிலிருந்து வரும் ஆவியைத் தொப்பிக்குள் பிடித்தேன். சூட்டோடு ஒரு உருண்டைச் சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் தொப்பியை இழுத்து மாட்டி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் பார்த்தால் தொப்பி பெரிதாகியிருந்தது, சுற்றளவு 59 செ.மீ. அப்பா போட்டுப் பார்த்தார். பக்கத்தில் இடைவெளி இன்னும் கூடியிருந்தது, நெற்றியில் இறுக்கம் அப்படியே இருந்தது. அதைவிட மோசம் உள்ளே இருந்த தோல் பட்டை. நேரே ஆவி பட்ட இடங்களில் சுருங்கி, விறைத்து, ஓரம் மடங்கி, காய்ந்த வெற்றிலை போல ஆகிவிட்டது. ஈரத்தோடு சேர்ந்த சூட்டைத் தோல் தாங்காது. துணிக்கும் கம்பளிக்கும் ஆவி நல்லது, தோலுக்கு அது எதிரி. அன்றைக்குத்தான் இது எனக்கு விளங்கியது.

இரண்டு நாள் தொப்பியைத் தொடாமல் வைத்திருந்தேன். மனசு சரியில்லை. துரை கொடுத்த பொருளைக் கெடுத்துவிட்டோமே என்று இருந்தது.

அப்புறம் தையல்காரியாக யோசித்தேன். முதலில் அளவு. டேப்பை அப்பா தலையில் சுற்றினேன்: 58 செ.மீ. தொப்பிக்குள்ளே அச்சடித்திருந்ததும் 58தான். அளவு ஒன்று, ஆனாலும் பொருந்தவில்லை. ஆக, சிக்கல் சுற்றளவில் இல்லை. ஒரே நீளக் கயிற்றை வட்டமாகவும் போடலாம், முட்டையாகவும் போடலாம், வெள்ளரிக்காயாகவும் போடலாம். டேப்புக்கு மூன்றும் ஒன்றுதான்.

வடிவத்தை எப்படி எடுப்பது? 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொப்பிக்காரர்கள் இதற்கென்றே ஒரு கருவி கண்டுபிடித்தார்கள், கன்ஃபார்மேட்டர் என்று பெயர். தொப்பி போலத் தலையில் கவிழ்ப்பார்கள். சுற்றிலும் உள்ள மரத்துண்டுகள் தலையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நகரும். மேலே உள்ள ஊசிகள் அதே உருவத்தைச் சிறிதாக்கி ஒரு அட்டையில் குத்திவிடும். அந்த அட்டை கடையில் இருந்தால் அடுத்த தொப்பிக்கு ஆள் வரவே வேண்டாம். எனக்கு அது கிடைக்காது. பக்கத்தில் வயரிங் செய்துகொண்டிருந்த தம்பியிடம் எர்த்துக்குப் போடும் செப்புக் கம்பி ஒரு மீட்டர் வாங்கினேன், 14-ஆம் நம்பர், 2 மி.மீ. கனம். மெத்தென்று வளையும், வளைத்த இடத்தில் நிற்கும். தோலில் குத்தாமல் இருக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன்.

அப்பாவை முற்றத்தில் முக்காலியில் உட்கார வைத்து, தொப்பி உட்காரும் அதே கோட்டில் கம்பியை வளைத்தேன். நெற்றியில் ஆரம்பித்து, காதுக்கு ஒரு விரல் மேலே, பின்மண்டையின் துருத்தலைச் சுற்றி, மறுபடி நெற்றிக்கு. விரலால் அழுத்தி அழுத்தித் தலையோடு ஒட்ட வைக்க வேண்டும். மூக்குக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன், எது முன் எது பின் என்று பிறகு குழம்பக் கூடாது. கழற்றும்போது கம்பி விரியும். அதனால் ஒரு இடத்தில் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, அந்த இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டேன். எடுத்த பிறகு குறியோடு குறி சேர்த்தால் வடிவம் திரும்பி வந்துவிடும்.

கம்பியைச் சார்ட் பேப்பரில் வைத்துப் பென்சிலால் வரைந்தேன். அதன் மேலேயே தொப்பியின் உள்வாயையும் வேறு நிறத்தில் வரைந்தேன். (சட்டி வைத்து இழுத்ததைச் சரிசெய்த பிறகுதான். உள்ளே எதுவும் வைக்காமல் மறுபடி ஆவி காட்டி உலர விட்டதில், கம்பளி தானாகச் சுருங்கிக் கிட்டத்தட்ட 58-க்கே வந்துவிட்டது.) தொப்பி: நீளம் 20 செ.மீ., அகலம் 16.8. அப்பா தலை: நீளம் 20.8, அகலம் 15.9. முன்பின்னாக 8 மி.மீ. போதவில்லை, குறுக்காக 9 மி.மீ. மிச்சம். இரண்டு முட்டையும் காகிதத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். "ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இதுக்கா இத்தனை வலி?"

காகிதத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பின்னால் இடது பக்கம் கோடு சட்டென்று வெளியே புடைத்திருந்தது. பல வருஷங்களுக்கு முன் தோட்டத்தில் நிழல் மரம் கவாத்து வெட்டும்போது சில்வர் ஓக் கிளை விழுந்து அடிபட்ட இடம். ஆறியபிறகு எலும்பு மேடாக நின்றுவிட்டது. முடிக்குள் மறைந்திருப்பதால் எனக்கு மறந்தே போயிருந்தது. கம்பி மறக்கவில்லை.

இனி தேவை, தொப்பியை நீளவாக்கில் மட்டும் தள்ளும் ஒரு கட்டை. வெளிநாட்டுத் தொப்பிக்காரர்களிடம் இருப்பது இரண்டு அரை முட்டைக் கட்டைகளும் நடுவில் ஒரு திருகும்தான். திருகத் திருக இரண்டும் விலகும். என் அத்தை வீடு மறையூரில். அங்கே ஒரு ஆசாரியண்ணனைத் தெரியும். வரைந்த பேப்பரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம் மழை தூறியது. மறையூர் இறங்கினால் வெயில். மழை மறைவுப் பகுதி, அதனால்தான் அங்கே சந்தன மரமும் கரும்பும்.

ஆசாரியண்ணன் பேப்பரைப் பார்த்துவிட்டு உடனே புரிந்துகொண்டார். நான் பலாக்கட்டை கேட்டேன். கோணாது, வெடிக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"பலா வேண்டாம் தங்கச்சி. ஈரமும் சூடும் பட்டா மஞ்சள் இறங்கும். சாம்பல் தொப்பின்னு சொல்றீங்க, கறை பிடிச்சா போகாது."

"அப்போ எதுலண்ணே?"

"உங்க ஊர் மரத்துலயே செய்யலாம். சில்வர் ஓக் நல்லாக் காஞ்ச துண்டு இருக்கு."

அப்பா தலையில் விழுந்த அதே மரம். நான் எதுவும் சொல்லவில்லை, சரி என்றேன். திருகுக்கு உடுமலையிலிருந்து 6 மி.மீ. டர்ன்பக்கிள் ஒன்று வரவழைத்தார், ஸ்டே கம்பி இழுத்துக் கட்டப் பயன்படுத்துவது. இரண்டு பக்க வளையங்களையும் ரம்பத்தால் அறுத்துவிட்டு, தண்டை மட்டும் கட்டைகளுக்குள் துளை போட்டு இறக்கினார். டர்ன்பக்கிளில் ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. 6 மி.மீ. திருகில் ஒரு மரைக்கு 1 மி.மீ. ஆகவே நடு உடலை ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு கட்டையும் சேர்ந்து 2 மி.மீ. விலகும். கண்ணளவில் இழுக்க வேண்டியதில்லை, சுற்றை எண்ணினால் போதும். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. கட்டையின் அகலத்தை 15.9-லேயே நிறுத்தச் சொன்னேன். ஓரங்களை உப்புத்தாள் போட்டு முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக்கித் தந்தார், பாலிஷ் போடாமல். பாலிஷில் அரக்கு இருக்கும், சூட்டில் இளகித் துணியில் ஒட்டும்.

அரக்கு என்றதும் சொல்ல வேண்டும், தொப்பி விறைப்பாக நிற்பதும் பெரும்பாலும் அந்த அரக்கால்தான். ஃபெல்ட் நெசவு இல்லை. கம்பளி மயிரையோ முயல் மயிரையோ சூடு, ஈரம், அழுத்தம் மூன்றும் கொடுத்துப் பின்னிப் பிணைய வைத்த தகடு. அதற்கு விறைப்பு ஏற்ற ஷெல்லாக் என்ற அரக்கை ஊட்டுவார்கள். ஆவி பட்டதும் இழைகள் வழுக்கி நகரும், அரக்கும் இளகும். ஆறினால் இரண்டும் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். அதனால் ஆவி காட்டுவது பாதி வேலைதான். பிடித்த வடிவத்திலேயே முழுக்க ஆறி உலர விடுவது மறுபாதி. என் முதல் முயற்சியில் உருண்டைச் சட்டியில் உலர்ந்ததால் உருண்டையாகவே பெரிதானது, பாவம் தொப்பி என்ன செய்யும்.

வேலையைத் தொடங்குமுன் வெளி ரிப்பனைப் பிரித்தேன். அது விரியாது. விட்டுவைத்தால் இடுப்புக் கயிறு மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாலைந்து இடத்தில் பொட்டுப் பொட்டாகத் தையல், பிளேடு முனையால் எடுத்துவிடலாம். கெட்டுப்போன தோல் பட்டையையும் பிரித்தேன். இது நேரம் பிடித்தது. பழைய ஊசித் துளைகளையே திரும்பப் பயன்படுத்த வேண்டும், புதிதாகக் குத்தினால் அந்த இடம் தபால் தலை ஓரம் போலக் கிழியும். பழைய பட்டையைத் தூக்கிப் போடாமல் புதியதற்கு அச்சாக வைத்துக்கொண்டேன்.

ஆவிக்கு இந்த முறை குக்கர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் புட்டுக்குடம் உண்டு. குழலை எடுத்துவிட்டால் குடத்தின் வாய் ஒடுக்கமாக இருக்கும், ஆவி பீய்ச்சாமல் ஒரே சீராக ஒரு தூணாக மேலே வரும். எங்கே காட்ட வேண்டுமோ அங்கே மட்டும் காட்டலாம். மூணாறு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதுவும் சாதகம்தான். குடத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் வைக்காதீர்கள், கொதிக்கும்போது துளி தெறித்தால் ஃபெல்ட்டில் வட்டக் கறை விழும்.

தொப்பியின் அடிவளையத்தை, அதாவது மேல்கூடும் விளிம்பும் சேரும் அந்த மடிப்பை, ஆவிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. ஒரு நிமிஷத்தில் கைக்குத் தெரியும். அட்டை போல இருந்தது, நனைந்த கம்பளிச் சால்வை போலத் துவளும். அந்த நேரத்தில் கட்டையை உள்ளே வைத்து, அகலப் பக்கம் ஃபெல்ட் விலகி நிற்காமல் வெளியே ஒரு அங்குலப் பருத்தி நாடாவை இறுக்கிக் கட்டினேன். பிறகு திருகு. இரண்டு சுற்று. நிறுத்தம். மறுபடி ஆவி. ஒரு சுற்று. மறுபடி ஆவி. தேவை 8 மி.மீ., அதாவது நான்கு சுற்று. கட்டையை எடுத்ததும் ஃபெல்ட் கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் ஐந்தாவது சுற்றும் கொடுத்தேன். அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருகியிருந்தால் நெற்றிப் பக்கம் ஃபெல்ட் மெலிந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

நீளம் வந்தது, நாடா இழுத்த பக்கம் அகலம் தானாக உள்ளே வந்தது. சுற்றளவு மாறவே இல்லை. ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று: விளிம்பு அலை அலையாக எழுந்து நின்றது. உள்வாய் முட்டை நீண்டது, வெளி விளிம்பு பழைய முட்டையாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஃபெல்ட் எங்கே போகும்? வெட்டும் மேஜையில் தொப்பியை விளிம்பு தட்டையாகப் படியும்படி வைத்து, ஈரத் துணி விரித்து, கம்பளிக்கு வைக்கும் மிதச் சூட்டில் அயர்ன் செய்தேன். தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். மூன்று தடவை சுற்றி வந்ததும் அடங்கியது.

அடுத்தது இடது பின்பக்க மேடு. இதற்குக் கட்டை உதவாது, அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பேப்பரில் வரைந்திருந்த புடைப்பின் அளவுக்கு வளைவான ஏதாவது கட்டியான பொருள் வேண்டும். அடுப்படியில் தேடினேன். கரண்டி சின்னது, கிண்ணம் பெரியது. கடைசியில் அம்மாவின் சிரட்டை அகப்பை கண்ணில் பட்டது. தேங்காய்ச் சிரட்டையின் முதுகை வரைபடத்தின் மேல் வைத்தேன், கோட்டோடு கோடு ஒட்டியது. அந்த ஒரு இடத்தை மட்டும் ஆவியில் காட்டி, உள்ளேயிருந்து சிரட்டை முதுகால் வெளிப்பக்கம் மெல்லத் தள்ளி, வெளியே என் இடது உள்ளங்கையைக் குழித்து ஏந்திப் பிடித்துக்கொண்டு, ஆறும்வரை அசையாமல் நின்றேன். உள்ளங்கை சுட்டது. ஈரக் கைக்குட்டை வைத்துக்கொண்டிருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் அந்தப் புடைப்பு தெரியாது. ரிப்பன் வந்து மூடிக்கொள்ளும்.

இங்கே மழைக்காலத்தில் எதுவும் காயாது. கட்டை வைத்தபடியே தொப்பியைத் துணிப்பையில் போட்டு மறையூருக்குக் கொண்டுபோய் அத்தை வீட்டுத் திண்ணையில், நிழலில், இரண்டு நாள் வைத்தேன். நேர் வெயில் வேண்டாம் என்று அத்தையிடம் பலமுறை சொல்லிவிட்டு வந்தேன்.

புதுப் பட்டைக்குத் திண்டுக்கல்லிலிருந்து மெல்லிய ஆட்டுத்தோல் வந்தது, மரப்பட்டை போட்டுப் பதனிட்டது. எங்கள் வட்டவடைப் பக்கம் காடு காடாக நிற்கும் வாட்டில் மரத்தை இங்கே கொண்டுவந்து நட்டதற்குத் தோல் பதனிடும் அதன் பட்டையும் ஒரு காரணம். அந்தத் தோலை ஈரக் கையால் தடவி இளக்கி, பழைய துளை வழியாகவே தைத்தேன். மெழுகு பூசிய நூல், துளைக்கு ஒரு குத்து. ஒரு முழு மாலை ஆனது. சேரும் இடம் பின்மண்டைக்கு நேரே வரவேண்டும், நெற்றியில் வந்தால் அதுவே ஒரு கோடு போடும். ரிப்பனையும் திரும்ப வைத்துப் பொட்டுத் தையல் போட்டேன்.

இதைக் கேள்விப்பட்டு தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து ஒரு பெரியவர் அந்தக் காலத்து துரையின் சோலா தொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். அதை வாங்க மறுத்துவிட்டேன். அது நெட்டி என்ற நீர்ச்செடியின் தண்டில் செய்தது. நெட்டி எவ்வளவு லேசோ அவ்வளவு வீம்பு, ஆவி காட்டி வளைக்க முடியாது, அழுத்தினால் நசுங்கி அப்படியே கிடக்கும். உள்பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவில் காற்றுக்காக இடைவெளி விட்டிருப்பார்கள். இறுக்கம் தளர்வு எல்லாம் அந்தப் பட்டையில்தான் பார்க்க முடியும். தளர்வான இடத்தில் பட்டைக்குப் பின்னே மெல்லிய ஃபோம் துண்டு சொருகிக் கொடுத்து அனுப்பினேன். எந்தத் தொப்பியும் பெரிதாக இருந்தால் இதுவே போதும், ஆவியே வேண்டாம்.

அப்பா போட்டுப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இறக்கினார். வழக்கமாக நெற்றியைச் சுளிப்பார், சுளிக்கவில்லை. காதுக்கு மேலே சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. இடது பின்பக்கம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்த மேட்டுக்கும் இடம் வச்சிருக்கியா?" என்று கேட்டார். பிறகு அப்படியே பால் வாங்கப் போனார். பால் வாங்கி, டீக்கடையில் உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களோடு பேசி, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. கழற்றச் சொல்லி நெற்றியைப் பார்த்தேன். கோடு இல்லை.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. நடுவில் நல்ல மழை. போன வாரம் அளந்தபோது நீளம் 20.6, அதாவது 2 மி.மீ. பின்வாங்கியிருக்கிறது. ஈரத்தில் கம்பளி பழைய வடிவத்துக்குப் போகப் பார்க்கிறது. அதனால் வாரம் ஒருமுறை இரவில் கட்டையை உள்ளே வைத்து ஒரே ஒரு சுற்று கொடுத்துவைக்கிறோம், ஆவி இல்லாமல். அதை இப்போது அப்பாவே செய்கிறார். சுற்றை எண்ணச் சொல்லியிருக்கிறேன். தொப்பியைக் கவிழ்த்து விளிம்பில் நிற்க வைக்காமல் மல்லாக்க வைக்கவும் பழகிவிட்டார்.